சட்டத்தரணிகள் கோட்டு சூட்டை ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள்?

சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குத் தயாராகும் தலவாக்கலை மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "சட்டத்தரணிகள் வெயிலென்றும் மழையென்றும் பாராமல் கோட்டு சூட்டோடுதான் நடமாடுகிறார்கள். விதி கட்டாயப்படுத்துவதால் அணிகிறார்களா, அல்லது அவர்களுக்கே அதில் ஆசையா?" மலையக நீதிமன்றங்களில் நெடுங்காலமாகத் தொழில் செய்து வருபவன் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன். சுருக்கமாகச் சொல்வதானால், விதியும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. ஆனால் அந்த ஆசைக்குக் காரணம், பலர் எண்ணுவதைப் போல, பகட்டு மாத்திரம் அன்று. சட்டத்தரணி வாய் திறப்பதற்கு முன்பே அவருக்காகப் பாதி வேலையைக் கோட்டு செய்து முடித்துவிடுகிறது. அந்த உதவியை ஒருமுறை அனுபவித்தவர் அதை எளிதில் கைவிடமாட்டார். எங்கள் மலைநாட்டில் அந்த உதவியின் அளவு மற்ற இடங்களைவிடக் கூடுதல் என்பதும் என் கருத்து.

முதலில் விதியைப் பார்த்துவிடுவோம். இலங்கையில் நீதிமன்ற உடை வழக்கத்தை மட்டும் நம்பி நிற்பதில்லை. நீதிபதிகளும், சட்டத்தரணிகளும், நீதிமன்ற உத்தியோகத்தர்களும், நீதிமன்றத்துக்கு வருகை தருவோரும் அணிய வேண்டிய உடை குறித்து விதிகளை ஆக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 136 ஆம் உறுப்புரை உயர் நீதிமன்றத்துக்கு வழங்கியிருக்கிறது. நாட்டின் அதியுயர் சட்டத்திலேயே ஒரு தொழிலின் உடுப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆசிரியருக்கோ பொறியியலாளருக்கோ அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. நடைமுறையில் ஆண் சட்டத்தரணிகள் வெள்ளைச் சேர்ட், கறுப்புக் கழுத்துப்பட்டி, கருநிறக் காற்சட்டை, அவற்றின் மேல் கறுப்புக் கோட்டு என்று வருகிறார்கள். வெள்ளைத் தேசிய உடையின் மேல் கறுப்புக் கோட்டு அணிந்து வருவதற்கும் இடமுண்டு. உயர் நீதிமன்றத்தின் சம்பிரதாய அமர்வுகளில் இவற்றோடு கறுப்பு மேலங்கியும் சேர்ந்துகொள்ளும்.

இந்த உடை இல்லாமல் போனால் என்ன ஆகும்? ஆங்கிலேய நீதிமன்ற மரபில், உரிய உடையின்றி எழுந்து நிற்கும் வழக்கறிஞரைப் பார்த்து நீதிபதி, "உங்கள் குரல் எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்வதுண்டு. குரல் நன்றாகவே கேட்டிருக்கும். இன்னொருவருக்காகப் பேசும் உரிமை உடையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அந்த மரபு அவ்வளவு நாசூக்காக நினைவூட்டுகிறது. எங்கள் பக்கத்தில் இவ்வளவு நாசூக்கு எதிர்பார்க்க முடியாது. கழுத்துப்பட்டியை வீட்டில் மறந்துவிட்டு வந்த கனிஷ்ட சட்டத்தரணி, வழக்கு அழைக்கப்படுவதற்குள் சட்டத்தரணிகள் அறையில் யாரிடமாவது இரவல் வாங்கி, முடிச்சைச் சரிசெய்தபடியே ஓடிவருவது அன்றாடக் காட்சி.

இந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்ற கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. அங்கே நீதிபதிகள் எந்தப் பருவத்தில் எந்த நிறத்து அங்கியை அணிய வேண்டும் என்பதை 1635 இல் விதியாகவே வகுத்தார்கள். வழக்கறிஞர்களின் கறுப்பு அங்கி, 1694 இல் இறந்த இரண்டாம் மேரி அரசிக்காகத் துக்கம் காத்தபோது அணிந்த உடை அப்படியே நிலைத்துவிட்டதன் விளைவு என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டாம் சார்ள்ஸ் மன்னரின் மரணத்தோடு இதைத் தொடர்புபடுத்துவோரும் உண்டு. எது உண்மையாயினும், துக்கம் முடிந்த பிறகும் மூன்று நூற்றாண்டுகளாகத் துக்க உடையைக் கழற்றாத தொழில் எங்களுடையது என்ற கேலி எங்களுக்குள்ளேயே புழங்குகிறது. கோட்டு சூட்டின் வரலாறு இதிலிருந்து சற்று விலகியது. அதே சார்ள்ஸ் மன்னர் 1666 ஒக்டோபரில், ஆடம்பரத்தைக் குறைத்து நீண்ட உள்சட்டையோடு கூடிய புதிய உடைமுறையை அரசவைக்கு அறிவித்தார். இன்று மூன்று துண்டு சூட்டு என்று சொல்லப்படுவதன் தொடக்கத்தை அந்த அறிவிப்பில் காண்பவர்கள் பலர். பின்வந்த நூற்றாண்டுகளில் ஐரோப்பிய ஆண்கள் பட்டையும் சரிகையையும் விட்டுவிட்டுக் கருநிறக் கம்பளித் துணிக்கு மாறினார்கள். வங்கியாளர், வணிகர், வழக்கறிஞர் ஆகிய எல்லாருடைய உடையும் ஒன்றுபோல் ஆனது அப்போதுதான்.

1801 ஆம் ஆண்டின் அரச பட்டயத்தின் மூலம் பிரித்தானியர் இங்கே உயர் நீதிமன்றத்தை நிறுவியபோது, சட்டத்தோடு சேர்ந்து அதன் உடுப்பும் கப்பலில் வந்து இறங்கியது. அத்வகாத்து என்றும் புரொக்டர் என்றும் இரு பிரிவாக இருந்தவர்களை 1973 ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் ஒன்றாக்கி, எல்லாரையும் சட்டத்தரணிகள் ஆக்கிற்று. பிரிவு ஒழிந்தது, கோட்டு ஒழியவில்லை. ஊரே மாறியபோதும் உடுப்பு மாறவில்லை என்பது ஒரு வேடிக்கைதான். ஏனென்றால் அந்த உடுப்பு பிறந்த இங்கிலாந்திலேயே 2008 முதல் குடியியல், குடும்ப வழக்குகளில் பொய்முடி கைவிடப்பட்டுவிட்டது. 2011 முதல் அங்குள்ள உச்ச நீதிமன்றத்தில் இரு தரப்பு வழக்கறிஞர்களும் உடன்பட்டால் சம்பிரதாய உடையைத் தவிர்த்துக்கொள்ளவும் முடிகிறது.

இதுவரை சொன்னது கட்டாயத்தின் கதை. ஆனால் கட்டாயம் மட்டுமே காரணமாக இருந்தால், அமெரிக்காவை எப்படி விளக்குவது? அங்கே வழக்கறிஞருக்கு அங்கி இல்லை, பொய்முடி இல்லை, கறுப்புக் கோட்டுத்தான் வேண்டும் என்ற நாடளாவிய விதியும் இல்லை. இருந்தும் அங்குள்ள வழக்கறிஞர்கள் நீதிமன்றத்துக்குச் சூட்டு அணிந்தே போகிறார்கள். இங்கேயும், நீதிமன்றம் இல்லாத நாளில், காணி உறுதி எழுதுவதற்காகக் கட்சிக்காரரைத் தம் அலுவலகத்தில் சந்திக்கும் நொத்தாரிசுகள் பலர் கழுத்துப்பட்டியைக் கழற்றுவதில்லை. அந்த அறையில் அவர்களைக் கண்காணிக்க எந்த நீதிபதியும் இல்லை. ஆகவே விதிக்கு அப்பால் வேறு ஏதோ ஒன்று இருக்கிறது.

அது என்னவென்றால், எங்கள் தொழிலில் விற்கப்படும் சரக்கை வாங்குபவரால் பரிசோதித்துப் பார்க்க முடிவதில்லை. காய்ச்சலுக்கு மருந்து எடுத்தால், காய்ச்சல் இறங்கியதா இல்லையா என்று நோயாளிக்கே தெரியும். தச்சர் செய்த கதிரையில் உட்கார்ந்து பார்க்கலாம். வழக்கில் தோற்ற ஒருவருக்கோ, தோல்விக்குக் காரணம் சட்டத்தரணியின் குறையா, சாட்சியின் குறையா, சட்டமே தமக்கு எதிராக இருந்ததா என்பது பல வேளைகளில் கடைசிவரை தெரியாமலே போகும். வென்றவருக்கும் அப்படித்தான், திறமையால் வென்றோமா, எதிர்த்தரப்பு சோம்பியதால் வென்றோமா என்று அவரால் பிரித்தறிய முடியாது. சரக்கை அளக்க முடியாதபோது மனிதர் பாத்திரத்தைப் பார்த்து மதிப்பிடுவது இயல்பு. தேய்த்து மடிப்புக் கலையாத கோட்டு, வெண்மை மங்காத சேர்ட் கொலர், துடைத்த சப்பாத்து ஆகியவை, "இவர் தம் காரியத்தில் ஒழுங்கானவர், என் காரியத்திலும் ஒழுங்காக இருப்பார்" என்ற அனுமானத்துக்கு இடம் தருகின்றன. அந்த அனுமானம் எப்போதும் சரியாக இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். மடிப்புக் குலையாத கோட்டுக்குள் கோப்பைத் திறந்தே பாராத ஆட்களும் உண்டு.

மலைநாட்டுக்கு வருவோம். இங்கே கோட்டு செய்யும் வேலையை விளங்கிக்கொள்ள, நீதிமன்றத்தின் மொழியை முதலில் கவனிக்க வேண்டும். அரசியலமைப்பின்படி சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகளே. ஆயினும் வடக்கு, கிழக்குக்கு வெளியே வழக்கேடும் நடவடிக்கையும் பொதுவாகச் சிங்களத்திலேயே நடைபெறுகின்றன. மொழி தெரியாத தரப்பினருக்கு மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமை உண்டு, மொழிபெயர்ப்பாளரும் இருப்பார். ஆனால் மொழிபெயர்ப்புக் கிடைப்பது பெரும்பாலும் சாட்சிக் கூண்டில் ஏறிய பிறகுதான். அதற்கு முன் நடக்கும் வாதங்கள், தவணை கேட்பது, எதிர்த்தரப்பு ஆட்சேபிப்பது, நீதவான் கோபிப்பது யாவும் பின்வாங்கில் அமர்ந்திருக்கும் தோட்டத் தொழிலாளிக்கு ஓசையாக மட்டுமே வந்து சேர்கின்றன.

அந்த வாங்கிலிருந்து பார்க்கும்போது மன்றம் எப்படித் தெரிகிறது என்பதை ஒருமுறை கற்பனை செய்து பாருங்கள். உயரத்தில் நீதவான், கீழே மேசையைச் சுற்றிக் கறுப்புக் கோட்டுகள், ஓரத்தில் காக்கி உடை, எஞ்சியோர் எல்லாரும் தம்மைப் போன்றவர்கள். பேச்சு விளங்காதபோது கண்ணுக்குத் தெரியும் இந்த நிறப் பிரிவினைதான் வழிகாட்டி. ஒரு தாயார், மகனின் பிணை விண்ணப்பம் எடுக்கப்படும் நாளில், காலையில் தமக்கு முகம் பழகிய சட்டத்தரணியின் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முதுகு எழுந்து நின்றால் தம் வழக்கு வந்துவிட்டது. அது குனிந்து வணங்கித் திரும்பினால் முடிந்துவிட்டது. வெளியே வந்ததும், "லோயர் ஐயா, நல்லாப் பேசுனீங்க" என்பார். என்ன பேசினேன் என்று அவருக்குத் தெரியாது. நான் கேட்டதோ அடுத்த தவணைதான். எழுந்து நின்ற கறுப்புக் கோட்டு தம் பக்கத்தைச் சேர்ந்தது என்ற ஒன்றே அன்றைக்கு அவருக்குக் கிடைத்த நிம்மதி. இதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை. மொழி செய்ய வேண்டிய வேலையைத் துணி செய்துகொண்டிருக்கிறது என்பது நீதி நிருவாகத்தின் மேல் வைக்க வேண்டிய குற்றச்சாட்டு. ஆனால் கோட்டை ஏன் விடமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டால், அந்தத் தாயாரின் பார்வையைத் தவிர்த்துவிட்டு என்னால் பதில் சொல்ல முடியாது.

கோட்டுக்கு எங்கள் தோட்டங்களில் இன்னொரு வரலாறும் உண்டு. ஒரு காலத்தில் இங்கே கோட்டு அணிந்தவர்கள் இரண்டே வகையினர். ஒருவர் தோட்டத்தை நடத்திய துரை. மற்றவர் தொழிலாளரை மேற்பார்த்த பெரிய கங்காணி. வேட்டிக்கு மேல் கோட்டும், தலையில் தலைப்பாகையும், கையில் தடியுமாக அவர் நிற்கும் பழைய புகைப்படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். தொழிலாளிக்குக் கிடைத்தது கம்பளி. குளிருக்கும் மழைக்கும் தோளில் போர்த்திக்கொள்ளும் அந்தக் கரடுமுரடான துணியைத் தோட்ட நிருவாகம் கொடுத்து, விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும். கோட்டு போட்டவர் கட்டளையிடுவார், கம்பளி போர்த்தியவர் கேட்டு நடப்பார் என்பது பல தலைமுறைகளாகக் கண்ணுக்குப் பழகிப்போன ஒழுங்கு. நுவரெலியாவில் 1876 இல் துரைமார் தொடங்கிய ஹில் கிளப் இன்றும் இருக்கிறது. இரவு உணவு மண்டபத்துக்குள் நுழைய வேண்டுமானால் ஆண்கள் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்தாக வேண்டும். இல்லாதவருக்குக் கிளப்பே கோட்டு கொடுத்து உதவுகிறது. உள்நாட்டவரை நீண்ட காலம் உறுப்பினராக ஏற்காதிருந்த இடம் அது என்பதையும் சேர்த்து நினைத்தால், கோட்டு என்பது எப்படி ஒரு வாயிற்காவலனாக வேலை செய்தது என்பது விளங்கும்.

அந்த ஒழுங்கில் சட்டத்தரணியின் கோட்டு ஒரு புதிய கலகத்தை உண்டாக்கியது. துரையின் கோட்டைப் போன்றதே, ஆனால் துரைக்கு எதிராகப் பேசும் கோட்டு. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அதை விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காக ஆஜரானவர் இடதுசாரித் தலைவரும் சட்டத்தரணியுமான கொல்வின் ஆர். டி சில்வா. ஒரு தோட்டத் தொழிலாளியின் மரணத்துக்காக, அதிகாரத்தின் உடையிலேயே வந்த ஒருவர், அதிகாரிகளைக் குறுக்கு விசாரணை செய்ய முடியும் என்பது அன்றைய மலையகத்துக்குச் சிறிய செய்தியன்று. பின்னர் 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இலட்சக்கணக்கானோர் பிரஜாவுரிமை கோரி விசாரணைகளுக்கு அலைந்த காலத்தில், கோடு (நீதிமன்றம்), கச்சேரி (அரச அலுவலகம்) என்று ஏறி இறங்குவது ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களின் அனுபவமாயிற்று. பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் பத்திரம் செல்லாது என்ற அச்சத்தோடு வாழ்ந்த மக்களுக்கு, அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த மனிதரின் அடையாளமாகக் கோட்டு நின்றது.

இந்தப் பின்னணியில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் படித்து, கொழும்புக்குப் போய்ச் சட்டம் கற்று, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்துகொண்டு திரும்பி வரும் பிள்ளை, முதல் கோட்டை எதற்காக அவ்வளவு ஆசையோடு அணிகிறது என்பதைப் பகட்டு என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. காந்தியும் அம்பேத்கரும் இருவரும் இலண்டனில் பாரிஸ்டர் ஆனவர்கள். 1893 இல் டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னபோது மறுத்து வெளியேறிய காந்தி, 1927 இல் இலங்கைக்கு வந்து எங்கள் மலைநாட்டில் பயணம் செய்தபோது கோட்டை முற்றாகத் துறந்து அரையாடையில் இருந்தார். 1950 இல் பௌத்த மாநாட்டுக்காக இலங்கைக்கு வந்த அம்பேத்கரோ சூட்டு அணிவதைத் தம் வாழ்நாளில் கைவிடவே இல்லை. துறக்கும் அளவுக்கு அது கைவசம் இருந்தவர் துறந்தார். எந்தச் சாதியாரின் உடம்பில் நல்ல துணி இருக்கக்கூடாது என்று சமூகம் விதித்திருந்ததோ அந்தச் சாதியில் பிறந்தவர் அதை விடாமல் அணிந்தார். எங்கள் இளம் சட்டத்தரணிகளின் நிலை இரண்டாமவருடையதற்கு நெருக்கமானது. எளிமையைப் பற்றி அவர்களுக்கு உபதேசிப்பவர்கள், பொதுவாக, மூன்று தலைமுறையாகக் கோட்டு அணிந்த குடும்பத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கிறார்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தொழில் நியாய சபை என்று ஒன்று இருக்கிறது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1957 இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் மூலம் உருவானது. வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி நிவாரணம் கோரிச் செல்லும் இடம். அங்கே தொழிலாளிக்காகச் சட்டத்தரணிதான் வர வேண்டும் என்றில்லை. தொழிற்சங்கத்தின் பிரதிநிதியும் ஆஜராகலாம். கோட்டு இல்லாமல், வெள்ளைச் சேர்ட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, செக்ரோல் என்னும் தோட்ட வேலைப் பதிவேட்டை விரல் நுனியில் வைத்திருக்கும் சங்கப் பிரதிநிதிகள், கொழும்பிலிருந்து வந்த விலையுயர்ந்த கோட்டுகளைத் திணறடித்ததை நானே பார்த்திருக்கிறேன். எத்தனை நாளுக்கு வேலைப் பேர் (வேலை நாள் பதிவு) விழுந்தது, மழை நாளில் கொழுந்து நிறுவையில் எவ்வளவு கழிப்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு உடம்பிலேயே ஊறிய அறிவு. கோட்டு அறிவைத் தருவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். நிருவாகத் தரப்பில் கோட்டு அணிந்தவர் வந்து உட்கார்ந்ததும், தொழிலாளி முதலில் அவரைப் பார்ப்பார். பிறகு தம் பக்கத்தில் இருக்கும் வெள்ளைச் சேர்ட்டைப் பார்ப்பார். அந்த இரண்டாவது பார்வையில் சற்றுக் கலக்கம் இருக்கும். பிரதிநிதி பேசத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் கலக்கம் போய்விடும் என்பது உண்மைதான். அந்தப் பத்து நிமிடத்தைச் சட்டத்தரணிக்குக் கோட்டு மிச்சப்படுத்திக் கொடுக்கிறது.

கட்சிக்காரரின் மனத்தில் நடப்பதை விட்டுவிட்டு, அணிபவரின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால், ஆராய்ச்சியாளர்களும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். 2012 இல் வெளியான ஆய்வொன்றில் ஹஜோ அடம், அடம் கலின்ஸ்கி ஆகிய இருவரும், மருத்துவரின் அங்கி என்று சொல்லிக் கொடுத்த வெள்ளை அங்கியை அணிந்தவர்கள் கூர்ந்து கவனிக்கும் சோதனைகளில் மேம்பட்டார்கள் என்றும், அதே அங்கியை ஓவியரின் அங்கி என்று சொன்னபோது அந்த மேம்பாடு தோன்றவில்லை என்றும் காட்டினார்கள். பிற்காலத்தில் கூடுதலான ஆட்களை வைத்துச் சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்த முடிவு கிட்டவில்லை. ஆகவே இதை வேதவாக்காகக் கொள்ளத் தேவையில்லை. என் அனுபவத்தில் கோட்டு மூளையைக் கூர்மையாக்குகிறதோ இல்லையோ, மனத்தைச் சற்று விலக்கி வைக்கிறது. பிள்ளையை அடித்த தகப்பனுக்காகவும், அயலவரின் வேலியைப் பிடுங்கியவருக்காகவும் நாங்கள் பேச வேண்டியிருக்கிறது. அப்போது பேசுபவர் இன்ன ஊரின் இன்ன மனிதர் என்ற நினைப்பு மறைந்து, சட்டம் ஒதுக்கிக் கொடுத்த ஓர் இடத்திலிருந்து பேசுகிறோம் என்ற நினைப்பு வந்தாக வேண்டும். கையை நுழைத்து, தோளை உயர்த்தி, பொத்தானைப் போடும் அந்தச் சில விநாடிகள் அந்த மாற்றத்துக்குப் போதுமானவை. மாலையில் அதைக் கழற்றி மாட்டிய பிறகு அதே எதிர்த்தரப்புச் சட்டத்தரணியோடு தேநீர் குடிக்க முடிவதும் இதனால்தான். சற்று முன் சண்டை போட்டவர்கள் இப்போது சேர்ந்து சிரிக்கிறார்களே என்று கட்சிக்காரர்கள் மனம் புண்படுவதுண்டு. அவர்களுடைய வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது.

எல்லாருக்கும் ஒரே கறுப்பு என்பதால் ஏற்றத்தாழ்வு மறைகிறது என்று மேடைகளில் சொல்வார்கள். நீதிபதியின் ஆசனத்திலிருந்து பார்த்தால் அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். சட்டத்தரணிகள் அறைக்குள் அது செல்லாது. நல்ல கம்பளிக் கலப்புத் துணியின் கறுப்பு ஆண்டுகள் கடந்தும் ஆழமாக இருக்கும். மலிவான பொலியெஸ்டர் துணியோ சில தவணைகளிலேயே முழங்கையில் பளபளக்கத் தொடங்கி, தோள்பட்டையில் வெயில் பட்ட இடம் பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்துக்கு வெளுத்துவிடும். உட்துணி கிழிந்து கைநுழைவில் விரல் மாட்டிக்கொள்ளும். யாருடைய கோட்டு அளவெடுத்துத் தைத்தது, யாருடையது அண்ணனிடமிருந்து வந்தது, யாருடையது நுவரெலியாவில் குளிர் உடுப்பு விற்கும் கடைவரிசையில் பொறுக்கி எடுத்துத் திருத்தியது என்பதெல்லாம் தொழிலில் இருப்பவர் கண்ணுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். சொல்வதில்லை, அவ்வளவுதான்.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் உள்ள நுவரெலியாவில் கோட்டு உடம்புக்கும் இதமானது. இலங்கையில் விதி சொல்லாமலே கோட்டு அணியக்கூடிய சட்டத்தரணிகள் இங்குள்ளவர்கள்தான். கண்டிக்கும் பதுளைக்கும் இறங்கினால் நண்பகலில் முதுகு நனையும். நீதிமன்றங்கள் உள்ள கொழும்பு புதுக்கடையில் அது தண்டனை. இந்தியாவில் கோடைக்காலத்தில் கீழ் நீதிமன்றங்களில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள்; அவ்வாறான தளர்வைப் பற்றி இங்கேயும் பேச வேண்டும் என்பது என் கருத்து. எங்களுக்கு வெயிலைவிட ஈரம்தான் பகை. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கங்களில் வாரக்கணக்கில் வெயில் முகம் காட்டாது. அலுமாரியில் மாட்டிய கோட்டின் கழுத்து மடிப்பிலும் அக்குள் பகுதியிலும் வெண்பூஞ்சணம் படியும். தூரிகையால் தட்டினால் தூளாகப் பறக்கும், மறு வாரம் திரும்ப வரும். அடுப்பங்கரையில் காய வைத்தால் விறகுப் புகை நாற்றம் ஏறிக்கொள்ளும்.

கோட்டு சூட்டைப் பற்றிய இந்தப் பேச்சு முழுவதும் ஆண்களைச் சுற்றியே வந்துவிட்டது என்று யாரேனும் குறை சொன்னால் அதை ஏற்றுக்கொள்கிறேன். வெள்ளைச் சேலையும் சட்டையுமாக வரும் பெண் சட்டத்தரணிகள், முதல் நாள் வருகிறபோது எழுதுவினைஞரா, ஆசிரியையா என்று கேட்கப்படுவதைக் கண்டிருக்கிறேன். கோட்டு ஆணுக்குச் சும்மா கொடுக்கும் அங்கீகாரத்தை அவர்கள் வாதத்தால் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. இன்று மலையக நீதிமன்றங்களுக்கு வரும் இளையவர்களில் பெண்கள் கணிசமாக இருக்கிறார்கள். "லோயர் அம்மா எங்கே?" என்று நீதிமன்ற வாசலில் யாரேனும் கேட்டு வந்தால், அவர் தேடுவது கறுப்புக் கோட்டை அன்று என்பது காவலாளிக்கும் இப்போது பழகிவிட்டது.

கேள்வி கேட்ட மாணவர் பரீட்சையில் தேறித் தொழிலுக்கு வரும் நாளில் கடன்பட்டு விலையுயர்ந்த கோட்டு வாங்க வேண்டியதில்லை. கம்பளியும் செயற்கை இழையும் கலந்த, அதிகம் பாரமில்லாத துணியில் ஒன்று போதும். தோள் மட்டும் உங்கள் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். இடுப்பையும் கையையும் ஊர்த் தையற்காரரே திருத்திவிடுவார், தோளைத் திருத்துவது அவருக்கும் கடினம். உட்பை இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். தவணைக் குறிப்பேடு ஒன்றில், கண்ணாடியும் பேனையும் மற்றதில். கோட்டு நீண்ட நாள் உழைக்கும், காற்சட்டைதான் வாங்குகளில் உட்கார்ந்து முதலில் தேயும். ஆகையால் ஒரே துணியில் காற்சட்டை இரண்டாகத் தைத்துக்கொள்ளுங்கள்.